கணக்கு எழுதின கை

திருமங்கலத்தைத் தாண்டி ராஜபாளையம் ரோட்டில் பஸ் வேகம் எடுத்ததும், பக்கத்து சீட் தம்பி தன் செல்போனை என் பக்கம் நீட்டினான். நான் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

“வேணாம்ணே... நீங்க சிரிப்பீங்க!”

“என்னடா அது, லவ் லெட்டரா?”

“அதைவிட மோசம்ணே. கதை!”

தம்பிக்கு 26 வயது. மதுரையில் நான் வேலை பார்க்கும் அதே கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பிரிவு. காலையில் பில், வவுச்சர், ஜி.எஸ்.டி. என்று கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டால், வெளியே எடுக்க ஏழு மணியாகும். ராத்திரி வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு மொட்டைமாடிக்குப் போய்க் கதை எழுதுகிறான். இதுவரை பதினாலு கதை. பதினாலும் செல்போனுக்குள் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றுகூட வெளியே வந்ததில்லை. பத்திரிகை முகவரியெல்லாம் போட்டு, ‘அனுப்பு’ என்கிற இடம் வரைக்கும் கட்டைவிரலைக் கொண்டுபோவானாம். அங்கே போனதும் விரல் அடம்பிடித்த மாடு மாதிரி நின்றுவிடுமாம்.

“என்ன பயம்?”

“நாம யாருண்ணே? வவுச்சர் எழுதற பய. கதை எழுதறவங்க எல்லாம் எம்புட்டுப் படிச்சிருக்காங்க! ‘நல்லாயில்லே’னு திருப்பி அனுப்பினாக்கூடப் பரவாயில்லே... பதிலே வராமப் போச்சுன்னா?”

நான் சிரிக்கவில்லை. அந்தப் பயத்துக்குப் பத்து வருஷம் சோறு போட்டு வளர்த்தவன் நான்.

1993-ல் ஒரு கதை எழுதினேன். அப்போதெல்லாம் கதையோடு கூடவே, நம் முகவரியை நாமே எழுதி, தபால்தலை ஒட்டிய கவர் ஒன்றையும் வைத்து அனுப்ப வேண்டும். பிரசுரத்துக்கு ஏற்கவில்லை என்றால் அந்தக் கவரில் கதை திரும்பி வரும். அனுப்பினேன். மூன்றாவது வாரம் போஸ்ட்மேன் தெருமுனையில் இருந்தே சத்தம் கொடுத்தார். “சார்... உங்களுக்கு நீங்களே லெட்டர் போட்டிருக்கீங்க!”

தெருவே சிரித்தது. கதை திரும்பி வந்ததுகூட வலிக்கவில்லை. என் கையெழுத்தே என்னைத் தேடி வந்ததுதான் வலித்தது. அப்புறம் நாலு வருஷம் பேனாவைக் கையெழுத்துப் போடுவதற்கு மட்டுமே எடுத்தேன்.

நாங்கள் இரண்டு பேரும் போய்க்கொண்டிருந்தது டி. கல்லுப்பட்டிக்கு. ஆபீஸ் சிநேகிதர் ஒருவர் வீட்டில் காதுகுத்து. மொய் எழுதாமல் வந்தால் அப்புறம் ஆபீஸில் முகம் பார்க்க முடியாது.

“இறங்கினதும் விசேஷ வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு டீ குடிப்போம். உன்னை மாதிரியே ஒரு அக்கவுன்ட்ஸ் ஆளு கதை சொல்றேன். இதே ஊர்லதான் கடைசிக் காலத்துல இருந்தார்” என்றேன்.

“நம்ம கம்பெனியாண்ணே?”

“கொஞ்சம் பெரிய கம்பெனிடா. முதலாளி பேரு மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி!”

* * *

டி. கல்லுப்பட்டியில் ‘காந்தி நிகேதன்’ என்று ஒரு ஆசிரமம் இருக்கிறது. 1940-ல் கோ. வெங்கடாசலபதி தொடங்கியது. கதர், கிராமக் கைத்தொழில், பள்ளிக்கூடம் என்று சுற்றுவட்டாரத்துக்கே தெரிந்த இடம். இந்த ஆசிரமத்துக்குத்தான் 1950-களில் உடம்பு தளர்ந்துபோய், ரத்தக்கொதிப்போடு ஒரு பெரியவர் வந்து சேர்ந்தார். ஜே.சி. குமரப்பா.

பெயரைக் கேட்டவுடன் “காந்தியப் பொருளாதார மேதை” என்று பாடப்புத்தகத்தில் ஒற்றை வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். நமக்கு வேண்டியது மேதை ஆவதற்கு முந்தின குமரப்பா.

1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். அப்போது பெயர் ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ். லண்டன் போய் ஆடிட்டர் படிப்பு. பம்பாயில் சொந்தமாக ஆடிட் கம்பெனி. கோட்டு, சூட்டு, பட்டுத்துணியில் மடிப்புக் கலையாத கால்சட்டை. ஆங்கிலத்தில் நினைத்து, ஆங்கிலத்தில் பேசி, அநேகமாக ஆங்கிலத்திலேயே தும்மியவர்! இந்தியாவின் வறுமைக்கும் அவருக்கும் இருந்த உறவு, ஜன்னல் வழியாகத் தெரு பார்க்கிற உறவுதான்.

1927-ல் அமெரிக்கா போனார். படிக்கப் போன இடத்தில் ஒரு நாள் சர்ச்சில் ‘இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது?’ என்று பேச நேர்ந்தது. அந்தப் பேச்சைப் பற்றிப் பேப்பரில் செய்தி வந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பேராசிரியராக இருந்த செலிக்மன் அதைப் பார்த்துவிட்டு, “இதையே உன் ஆராய்ச்சியாக எழுது” என்றார். குமரப்பா உட்கார்ந்து வெள்ளைக்கார அரசாங்கத்தின் வரவு செலவைத் தோண்ட ஆரம்பித்தார். ஆடிட்டர் கண்ணுக்குத் தப்புமா? இந்தியாவின் பணம் எந்த ஓட்டை வழியாக எங்கே ஒழுகிப்போகிறது என்பது பக்கம் பக்கமாகத் தெரிந்தது. மேஜையில் இருந்து எழுந்தபோது ஆள் பாதி மாறிப்போயிருந்தார்.

1929 மே 9. அந்த ஆராய்ச்சியை அச்சில் கொண்டுவர உதவி கேட்டு, சபர்மதி ஆசிரமத்துக்குக் காந்தியைப் பார்க்கப் போனார். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டதால் ஆற்றங்கரைப் பக்கம் நடந்தார். ஒரு மரத்தடியில், சாணி மெழுகின தரையில், ஒரு கிழவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். குமரப்பா கைத்தடியில் சாய்ந்தபடி வேடிக்கை பார்த்தார். ஐந்து நிமிஷம் போயிருக்கும். கிழவர் பொக்கை வாயைத் திறந்து சிரித்து, “நீங்கதான் குமரப்பாவா?” என்று கேட்டார். ‘சரி, இவர்தான் அவர் போலிருக்கிறது’ என்று இவருக்கு உறைத்தது. “நீங்கதான் காந்தியா?” என்று திருப்பிக் கேட்டுவிட்டு, மடிப்புக் கலையாத கால்சட்டையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார். யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்றுவிட்டார்.

“சினிமா சீன் மாதிரி இருக்குண்ணே!” என்றான் தம்பி. டீ ஆறிக்கொண்டிருந்தது.

சினிமா இனிமேல்தான். காந்தி அந்த ஆராய்ச்சியைத் தன் ‘யங் இந்தியா’ பத்திரிகையில் தொடராகப் போட ஏற்பாடு செய்ததோடு விடவில்லை. “குஜராத் கிராமங்களைச் சுற்றிக் கணக்கெடுத்துத் தர முடியுமா?” என்றார். “எனக்கு குஜராத்தி தெரியாதே!” என்றார் குமரப்பா. நம்மில் யாராக இருந்தாலும் அதைத்தானே சொல்வோம்? மொழி தெரியாது, ஊர் தெரியாது, ஊர்க்காரர்களுக்கு இவரைத் தெரியாது. சூட்டும் கோட்டுமாகப் போய் நின்றால் வரி வசூலிக்க வந்த துரை என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடிவிடுவார்கள். முதல் பேச்சு சரிவராமல் பம்பாய்க்கே திரும்பிவிட்டார் என்றும், பிறகு சமாதானம் பண்ணி அழைத்தார்கள் என்றும் சொல்வதுண்டு.

கடைசியில் போனார். குஜராத் வித்யாபீடத்து மாணவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கேடா ஜில்லாவில் மாதர் தாலுகா முழுக்க அலைந்தார். எவ்வளவு நிலம், எவ்வளவு கடன், என்ன சாப்பாடு, எத்தனை மாடு என்று கிராமம் கிராமமாக எழுதினார். 1931-ல் அது புத்தகமாக வந்தது. அந்த வேலைக்கு மொழியைவிட அதிகம் தேவைப்பட்டது, ஒரு எண்ணைப் பார்த்ததும் ‘இது இடிக்குதே!’ என்று நிற்கிற புத்தி. அது அவரிடம் மூட்டை மூட்டையாக இருந்தது.

* * *

இப்போது 1930-க்கு வருகிறேன். கதையின் நடு முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

உப்பு சத்தியாக்கிரகம் சூடு பிடித்த நேரம். காந்தி எந்த நிமிஷமும் கைதாகலாம். ‘யங் இந்தியா’ நிற்காமல் வரவேண்டும். குமரப்பாவைக் கூப்பிட்டு, “வாரா வாரம் எழுதுங்கள்” என்றார்.

குமரப்பா நடுங்கிப்போனார். “நான் ஆடிட்டர். லெட்ஜர் புரட்டுகிற ஆள். பத்திரிகைக்கு எழுதிப் பழக்கமில்லை” என்கிற ரீதியில் மறுத்தார்.

நம்ம தம்பி பஸ்ஸில் சொன்ன அதே வசனம். தொண்ணூறு சொச்சம் வருஷம் கழிந்தும் ஒரு எழுத்துகூட மாறவில்லை!

காந்தி அதற்கு, ‘உங்களுக்குத் திறமை இருக்கிறது’ என்று முதுகில் தட்டிக்கொடுக்கவில்லை. ‘தன்னம்பிக்கை வேண்டும்’ என்று உபதேசமும் செய்யவில்லை. எழுதியது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது ஆசிரியரின் வேலை, எழுதுகிறவரின் வேலை அல்ல என்றார். அவ்வளவுதான்.

தம்பி டீ கிளாஸைக் கீழே வைத்தான். “இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே.”

சொன்னேன். நமக்குள்ளே ரெண்டு ஆபீஸர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தர் எழுதுகிறவர். இன்னொருத்தர், எழுதினதுக்குச் சிவப்பு மையில் மார்க் போடுகிறவர். சிக்கல் என்னவென்றால், ரெண்டு பேருக்கும் ஒரே நாற்காலி, ஒரே பேனா. முதல் ஆள் ஒரு வரி எழுதுவதற்குள் ரெண்டாவது ஆள் பேனாவைப் பிடுங்கி அடித்துவிடுகிறார். காந்தி செய்தது, அந்த ரெண்டாவது ஆபீஸருக்கு டிரான்ஸ்பர் ஆர்டர் கொடுத்ததுதான்!

குமரப்பா எழுதினார். மே மாதம் காந்தி கைதானார். பத்திரிகையின் பாரம் குமரப்பாவின் தோளில் ஏறியது. எப்படி எழுதினார் என்பதற்கு அரசாங்கமே சர்டிபிகேட் கொடுத்தது. 1931 பிப்ரவரியில், எழுதின எழுத்துக்காக ஒன்றரை வருஷக் கடுங்காவல்! “எனக்கு எழுத வராது” என்று சொன்ன மனுஷனுக்கு ஒரு வருஷத்துக்குள் கிடைத்த விமர்சனம் அது. மார்ச்சில் காந்தி-இர்வின் ஒப்பந்தம் வந்ததால் சில நாளிலேயே வெளியே வந்தார். அப்புறம் வெவ்வேறு தடவைகளில் வருஷக்கணக்கில் உள்ளே இருந்தது வேறு கணக்கு.

“காந்தி சொல்லிடுவாருண்ணே. அவருக்கென்ன பயம்? அவர் மகாத்மா!”

இந்த ஒரு இடத்தில்தான் எனக்குச் சிரிப்பு வந்தது.

மகாத்மா ஆவதற்கு முன்னால் அந்த மனுஷன் நின்று நடுங்காத மேடையே இல்லை. அவரே தன் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறார். லண்டனில் படிக்கும்போது சைவ உணவுக்காரர்கள் கூட்டத்தில் பேசவேண்டும். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனார். எழுந்து நின்றதும் எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை; கை உதறியது. கூட வந்த நண்பர் வாங்கிப் படித்துக் காப்பாற்றினார்.

1891-ல் இந்தியா திரும்பும்முன் நண்பர்களுக்கு ஓட்டலில் விருந்து வைத்தார். இந்தத் தடவை நகைச்சுவையாகப் பேசி அசத்திவிட வேண்டும் என்று ஒரு ஜோக்கைத் தயார் பண்ணிக்கொண்டு போனார். என்ன ஜோக் தெரியுமா? அடிசன் என்கிற ஆங்கில எழுத்தாளர், பார்லிமென்டில் முதல் பேச்சுக்கு எழுந்து ஒரே வார்த்தையை மூன்று தடவை சொல்லிவிட்டு, மேலே பேச வராமல் நின்றாராம். அந்த வார்த்தைக்கு ‘கருதுகிறேன்’ என்றும் அர்த்தம். ‘கருத்தரிக்கிறேன்’ என்றும் அர்த்தம். ஒரு குறும்புக்காரர் எழுந்து, “ஐயா மூன்று தடவை கருத்தரித்தார், ஒன்றும் பெற்றெடுக்கவில்லை” என்றாராம். பேச வராதவரைப் பற்றின ஜோக்! அதைச் சொல்ல எழுந்த காந்திக்கு ஜோக்கே மறந்துபோய்விட்டது. வந்ததற்கு நன்றி என்று ஒரு வரி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பாரிஸ்டராகி பம்பாய் வந்தார். முதல் கேஸ், மமிபாய் என்கிற பெண்மணிக்காக. ஃபீஸ் 30 ரூபாய். குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். தலை சுற்றியது. ஒரு கேள்வியும் வரவில்லை. அப்படியே உட்கார்ந்து, ‘என்னால் முடியாது, வேறு வக்கீலைப் பாருங்கள்’ என்று ஃபீஸைத் திருப்பச் சொல்லிவிட்டு வெளியேறினார். கேஸ் 51 ரூபாய்க்கு வேறொருவர் கைக்குப் போனது.

இதெல்லாம் சின்ன வயசு விஷயம் என்று தள்ளிவிட முடியாது. நம்ம மதுரைக்கே வாருங்கள். 1921 செப்டம்பர் 22. மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில், சட்டையையும் தொப்பியையும் விட்டுவிட்டு நாலு முழத் துணியோடு வெளியே வந்தாரே... அது ஒரே ராத்திரியில் வந்த தைரியம் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர் எழுதியிருப்பது வேறு. அந்த யோசனை அதற்கு முன்பே இரண்டு தடவை வந்து, துணிச்சல் போதாமல் தள்ளிப்போட்டிருக்கிறார். மதுரைக்கு வரும் ரயிலில், கதர் வாங்கக் காசில்லை என்று சொன்ன ஏழைகளைப் பார்த்த பிறகு மூன்றாவது தடவை வந்தது. அப்போது அவருக்கு 51 வயது, தம்பி! நாடே பின்னால் நிற்கிறது. அப்பவும், ‘பைத்தியம் என்பார்களோ’ என்கிற தயக்கம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ‘இனிமேல் வாழ்நாள் முழுக்க இப்படித்தான்’ என்று அவர் அன்றைக்கு அறிவிக்கவில்லை. அக்டோபர் 31-ம் தேதி வரைக்குமாவது இப்படி இருப்பதாக உத்தேசம் என்றுதான் சொன்னார். ஒரு மாசம், பத்து நாள்! பயந்த மனுஷன் பயத்தோடு போட்டுக்கொண்ட ஒப்பந்தம் அது. அந்த அக்டோபர் 31 அப்புறம் வரவே இல்லை என்பது நமக்குத் தெரியும்.

நானும் அப்படித்தான் மறுபடி எழுத ஆரம்பித்தேன். ‘எழுத்தாளன் ஆவேன்’ என்று சபதம் போட்டபோதெல்லாம் தூக்கம்தான் வந்தது. ‘இந்த மாசக் கடைசி வரைக்கும் ராத்திரி ஒரு பக்கம்’ என்று வைத்துக்கொண்டபோது வேலை நடந்தது. நான் பெரிய எழுத்தாளன் ஆகவில்லை. எப்போதாவது இப்படி ஒரு பக்கம் அச்சில் வந்தால் தெருவுக்கே மிக்சர் வாங்கித்தருகிற ஜாதி. ஆனால், அந்த போஸ்ட்மேன் குரல் இப்போது கேட்பதில்லை.

* * *

டீக்கடையை விட்டுக் கிளம்பும்போது தம்பி கேட்டான். “அனுப்பாமலே வச்சிருந்தா என்னண்ணே நஷ்டம்? நமக்கு நாமே எழுதிக்கிட்டோம்னு போகட்டுமே?”

எங்கள் பழைய ஆபீஸில் ஹெட் கிளார்க் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். லெட்ஜர் அளவு நோட்டில் பாட்டு எழுதுவார். மழை, கண்மாய், அவர் அம்மாவின் அரிசிப் பானை என்று எழுதுவார். ஒரே ஒரு தடவை, ஆயுதபூஜை அன்றைக்கு, சுண்டல் சாப்பிட்ட தெம்பில் எனக்கு ரெண்டு பாட்டுப் படித்துக் காட்டினார். இன்னமும் எனக்கு நெஞ்சில் நிற்கிறது. “அனுப்புங்க சார்” என்றேன். “இன்னும் கொஞ்சம் சரிபண்ணணும்ப்பா” என்றார். முப்பது வருஷம் சரிபண்ணினார். ரிட்டயராகி, போய்ச் சேர்ந்தும்விட்டார். துக்கம் விசாரிக்கப் போனபோது அந்த நோட்டுகளைக் கேட்டேன். வீட்டில் நல்ல பிள்ளைகள்தான். வேண்டுமென்று செய்யவில்லை. “பழைய ஆபீஸ் கணக்குனு நினைச்சு எடைக்குப் போட்டுட்டோம் சார்” என்றார்கள்.

எத்தனை கிலோ இருந்தது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தம்பி ஆசிரமம் இருக்கும் பக்கம் பார்த்தபடி பேசாமல் நடந்தான்.

* * *

குமரப்பா கதையில் மிச்சம் ஒரு விஷயம் இருக்கிறது. என் கணக்கில் அதுதான் முக்கியம்.

1942 போராட்டத்துக்குப் பிறகு ஜபல்பூர் சிறையில் கிடந்தபோது இரண்டு புத்தகங்கள் எழுதினார். ஒன்று இயேசுவின் போதனையைப் பற்றியது. இன்னொன்று, ‘நிலைத்த பொருளாதாரம்’ என்று தமிழில் சொல்லலாம். 1945-ல் காந்தி அதற்கு முன்னுரை எழுதினார். அதில் ‘அற்புதம், அபாரம்’ என்ற வார்த்தை எல்லாம் கிடையாது. முதல் புத்தகம் அளவுக்கு இது எளிதில் புரியாது, இரண்டு மூன்று தடவை கவனமாகப் படிக்கவேண்டும் என்று கிழவர் பட்டவர்த்தனமாக எழுதிவிட்டார். இந்தக் காலத்தில் யாராவது முன்னுரையில் இப்படி எழுதினால் நட்பே முறிந்துபோகும்!

புத்தகத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், அத்தனையும் ஆடிட்டர் மூளை. நிலக்கரி, பெட்ரோல் எல்லாம் தொட்டியில் தேங்கி நிற்கிற தண்ணீர் மாதிரி. எடுக்க எடுக்கக் குறையும். மரம், விளைச்சல் எல்லாம் ஓடுகிற தண்ணீர் மாதிரி. அறிந்து எடுத்தால் வந்துகொண்டே இருக்கும். தொட்டியை நம்பிக் குடும்பம் நடத்தினால், தண்ணீர் குறையக் குறைய அடிதடி வரும், தேசத்துக்குத் தேசம் சண்டை வரும் என்றார். யோசித்துப் பாருங்கள். முதலைத் தின்பது வேறு, வருமானத்தில் வாழ்வது வேறு. மாசக் கடைசியில் பி.எஃப். பணத்தில் லோன் போடுகிற நமக்கெல்லாம் இதைவிடத் தெளிவாக யார் சொல்லமுடியும்?

இன்னொரு இடத்தில் இயற்கைக்கே கணக்குப் புத்தகம் திறக்கிறார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி எதையும் திருப்பித் தருவதில்லை. மாந்தோப்பில் பழம் தின்னும் குரங்கு தோப்பு வைத்ததில்லை. தேனீ எடுக்கவும் செய்கிறது, கூட்டுக்கே சேர்க்கவும் செய்கிறது. குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை கொடுக்கிறது, பதில் எதிர்பார்ப்பதில்லை. மனுஷனின் பொருளாதாரத்தையும் இப்படி வகை பிரித்து, நீ எந்தப் பத்தியில் வருகிறாய் என்று கேட்கிறார். பற்று, வரவு, பற்று, வரவு! கவிஞனுக்குத் தோன்றாதது கணக்குப்பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது.

1930-ல் எதைச் சொல்லி ‘எனக்கு எழுத வராது’ என்றாரோ, அந்த லெட்ஜர்தான் பிறகு அவர் எழுத்துக்கே கச்சாப்பொருள். 1973-ல் ‘சிறியதே அழகு’ என்கிற பொருள்படும் தலைப்பில் உலகமெல்லாம் பேசப்பட்ட புத்தகம் எழுதிய ஷூமாக்கர், அதில் குமரப்பாவை மேற்கோள் காட்டியிருக்கிறார். அதைப் பார்க்க குமரப்பா இல்லை. சுதந்திர இந்தியா பெரிய பெரிய ஆலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், இவர் சொன்னது டெல்லியில் அதிகம் எடுபடவில்லை. அந்த வருத்தமும் ரத்தக்கொதிப்புமாகத்தான் கல்லுப்பட்டிக்கு வந்தார். அவர் குடிசைச் சுவரில் ரெண்டு படம் உண்டு என்பார்கள். ஒன்று காந்தி. வருகிறவர்களிடம் “இவர் என் எஜமானர்” என்பாராம். மற்றது ஒரு ஏழைக் குடியானவன். “இவர் என் எஜமானருக்கு எஜமானர்!” 1960 ஜனவரி 30-ல் இறந்தார். காந்தி சுடப்பட்ட அதே தேதி.

அவர் ஒருவர்தான் என்று இல்லை. 1913 ஜனவரியில் இங்கிலாந்துக்கு ஹார்டிக்குக் கடிதம் எழுதிய ராமானுஜன், அதில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு கிளார்க் என்றுதான். அதற்குமுன் வேறு பேராசிரியர்களுக்கு எழுதி ஒன்றும் பலிக்கவில்லை. ஏ.ஜி. ஆபீஸ் மேஜையில் இருந்தபடி நாடகம் போட்டவர் கே. பாலசந்தர். ரயில்வே கிளார்க்காக இருந்து, வயிற்றுவலிக்காரனாக மேடையேறி எம்.ஜி.ஆரிடம் பாராட்டு வாங்கியவர் நாகேஷ். கிளார்க் நாற்காலியை அப்படிச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள்!

* * *

காதுகுத்து வீட்டில் பந்தல் வாசலிலேயே சிநேகிதர் எங்களைப் பிடித்துக்கொண்டார். “அக்கவுன்ட்ஸ் தம்பியா? நல்லவேளை வந்தீங்க. மொய் எழுத ஆள் இல்லே. உட்காருங்க!”

தம்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமையும் கணக்கா! இருந்தாலும் உட்கார்ந்தான். நாற்பது பக்க நோட்டு, மஞ்சள் தடவின முதல் பக்கம், பக்கத்தில் பணம் போட எவர்சில்வர் அண்டா. ஊர் பெயர், ஆள் பெயர், தொகை. மைக்கில் பாட்டு காதைக் கிழித்தது.

சாப்பிட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றேன். எண்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த நூறு ரூபாய்த் தாளையும் ஒரு ரூபாய்க் காசையும் வைத்தார்.

“பேரு சொல்லுங்க பாட்டி.”

பாட்டி ஒரு ஆண் பெயரைச் சொன்னார். தம்பி எழுதினான்.

“தாத்தா வரலியா பாட்டி?”

“அவுக போயி ஆறு வருசமாச்சுய்யா. எம்பேரை எழுதுனா யாருக்குத் தெரியும்? அவுக பேருலயே எழுது. இந்த நோட்டுலயாச்சும் இருக்கட்டும்.”

தம்பியின் பேனா நின்றது. தலைநிமிர்ந்து பாட்டியைப் பார்த்தான். பின்னால் வரிசையில் நின்றவர் “சீக்கிரம்ப்பா!” என்றார். அவன் குனிந்து தொகையை எழுதினான். எழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது.

சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. ரெண்டு கட்டைவிரலும் செல்போனில் ஓடிக்கொண்டிருந்தன. நான் எட்டிப் பார்க்கவில்லை. அசதியில் கண்ணை மூடினேன்.

திருமங்கலம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் உலுக்கி எழுப்பினான். கதை ஒன்று, பத்திரிகை முகவரி, எல்லாம் தயார். விரல் ‘அனுப்பு’ மேல் நின்றது. பஸ் விளக்கு வெளிச்சத்தில் நெற்றி வேர்த்திருந்தது தெரிந்தது.

“அண்ணே... போட்டுரவா? இல்லே, இன்னும் ஒருதடவை சரிபண்ணிட்டு...”

நான் வாயைத் திறப்பதற்குள் டிரைவர் வேகத்தடையைக் கவனிக்காமல் ஏற்றிவிட்டார். பஸ் முழுக்க ஒரு குதி குதித்தது. மேலே இருந்த யாருடைய பையோ என் மடியில் விழுந்தது.

தம்பி செல்போனை வெறித்துப் பார்த்தான்.

“போயிருச்சுண்ணே!”

“நீ அனுப்பினியா, பஸ் அனுப்புச்சா?”

“தெரியலேண்ணே...” என்றவன், சட்டென்று அலறினான். “ஐயையோ! ரெண்டாவது பாராவுல ‘ற’ போடவேண்டிய இடத்துல ‘ர’ போட்டிருக்கேண்ணே!”